பார்னபிக்குப் பதினாறாம் நாள்

— நாப்பத்தாறு மெசேஜ். ஒரே நம்பருக்கு. பதினாறு நாள்ல.

— நாப்பத்தேழு சார். காலையில வந்ததும் ஒண்ணு போட்டேன்.

— காலையிலயுமா? நான் அந்த மெயிலைப் படிச்சுட்டுத் தலையில கை வெச்சு உட்கார்ந்திருந்தேனே, அப்பவா?

— நீங்க தலையில கை வெச்சினு இருந்தத நான் பாக்கல சார். என் சீட்டுலேருந்து பாத்தா உங்க முதுகுதான் தெரியும்.

— இங்க பாரு, பூங்கொடி. முதல்ல கதவைச் சாத்திட்டு உட்காரு. ரெபேக்காள் காதுல விழ வேணாம்.

— ரெபேக்கா அக்கா காதுல ஒயர மாட்டினு பாட்டு கேக்குது சார். கூடுவாஞ்சேரியே இடிஞ்சி வுழுந்தாலும் அதுக்குக் கேக்காது.

— இப்ப மணி ரெண்டே முக்கால். மூணரைக்கு நைஜல் போன் பண்றான். நைஜல் யாருன்னு தெரியுமில்ல?

— தெரியும் சார். இங்கிலாந்துல நாயி ஆஸ்பத்திரி வெச்சினு கீறாரு.

— நாய், பூனை, முயல். நமக்கு வேலை குடுக்கிற ஒரே வெள்ளைக்காரன். மத்ததெல்லாம் தாம்பரம் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி மெசேஜ். அவன் போனை வைக்கிறப்ப ஒண்ணு இந்த ஆபீஸ் இருக்காது, இல்ல நீ இருக்க மாட்டே. அது ரெண்டுல எதுன்னு முக்கால் மணி நேரத்துல நாம டோட்டலா முடிவு பண்ணணும்.

— ஆபீசு இல்லன்னா நானும்தான் இருக்க மாட்டேன். அப்ப எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே சார்.

— லாஜிக் பேசாதே. உன் வேலை என்னன்னு சொல்லு. மூணாவது மனுஷங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லு. நைஜல் கேட்டா நான் அப்படியே சொல்லணும்.

— அங்கேர்ந்து லிஸ்ட் வரும். நாயி பேரு, ஓனர் பேரு, செல் நம்பரு, எந்தத் தேதியில ஊசி. நான் பேரைப் போட்டு மெசேஜ் அனுப்பணும். 'அன்புள்ள பார்னபி, உனக்கு ஊசி போடுற நாள் வந்துடுச்சு. இப்படிக்கு, பவுலின். விரைவில் சந்திப்போம்.' இதையே இங்கிலீஷ்ல.

— பவுலின் யாரு?

— நான்தான் சார்.

— தப்பு. பவுலின்ங்கிறது போஸ்ட். ஆள் கிடையாது. உனக்கு முன்னாடி ரெபேக்காள் பவுலின். அவளுக்கு முன்னாடி ரெண்டு மாசம் நானே பவுலின்.

— நீங்க பவுலினா இருக்கச்சொல்லோ ஒரு பூனைக்கு ஒரே வாரத்துல ரெண்டு தபா ஊசி போட வெச்சீங்கன்னு அக்கா சொல்லுச்சு.

— அது டேட்டா எரர். சரி, கஸ்டமர் பதில் போட்டா என்ன ப்ரொசீஜர்?

— நாங்க பாக்கக்கூடாது. சிஸ்டமே பதில் சொல்லிக்கும்.

— அப்புறம் நீ ஏன் பார்த்தே?

— சிஸ்டம் இன்னா பதில் சொல்லுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? அந்தம்மா, மிஸஸ் கிளேட்டன், எழுதுறாங்க: 'பார்னபி ஞாயித்துக்கெழமை இறந்துட்டான்.' அவ்ளோதான், ஒரு வரி. எழுதி ஒரு செகண்டு ஆவல. சிஸ்டம் போடுது: 'அருமை! உறுதி செய்ததற்கு நன்றி! உங்களையும் பார்னபியையும் விரைவில் சந்திப்போம்!' பக்கத்துல ஒரு மூஞ்சி. கண்ணடிக்குது சார் அது.

— கண்ணடிக்குதா?

— புள்ளி, கமா, அப்புறம் ஒரு பிராக்கெட்டு. தலையச் சாய்ச்சுப் பாத்தா கண்ணடிக்குது. அத யாரு சார் வெச்சது?

— நான்தான். கஸ்டமர் டிலைட்னு ஒண்ணு இருக்கும்மா. உனக்குப் புரியாது.

— பொணம் விழுந்த வூட்டுக்குப் போயி, சீக்கிரமே உங்களையும் பொணத்தையும் பாக்கறோம்னு சொல்லிட்டு, கண்ணடிச்சுட்டு வந்தா மாதிரி ஆயிடுச்சு சார். எங்க படாளத்துல இதுக்கு வெட்டுக் குத்தே நடந்திருக்கும். என் பேர்ல வேற போயிருக்குது.

— பவுலின் பேர்ல.

— அன்னிக்கு டூட்டியில நான்தானே பவுலின்.

— என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?

— சொன்னேன் சார். நீங்க, 'சாவுக்கு டெம்ப்ளேட் இல்ல, விட்டுடு'ன்னீங்க. இல்லாததாலதான் நானே எழுதினேன்.

— எழுதினே. இதோ பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன். முதல் நாள். 'எப்படி ஆச்சு? எத்தனை மணிக்கு? பக்கத்துல யார் இருந்தாங்க? கடைசியா என்ன சாப்பிட்டார்?' இது என்ன பூங்கொடி? போலீஸ் ஸ்டேஷனா?

— துக்கம் விசாரிக்கறது சார்.

— ஸாரின்னு ஒரு வார்த்தை போட்டு முடிச்சிருந்தா போயிருக்கும்.

— ஸாரி சொல்லக்கூடாது, சொன்னா தப்ப ஒத்துக்கினா மாதிரின்னு ட்ரெய்னிங்ல நீங்கதான் சொன்னீங்க. அதான் அத வுட்டுட்டு மத்தது எல்லாத்தையும் கேட்டேன்.

— அதுக்காக 'கடைசியா என்ன சாப்பிட்டார்'னா?

— சாவு விழுந்த வூட்ல கேக்கற மொத கேள்வியே அதானே சார். உங்க வூட்ல கேக்க மாட்டாங்களா?

— எங்க வீடு கல்பாக்கம் குவார்ட்டர்ஸ். செத்தா நோட்டீஸ் போர்டுல பேப்பர் ஒட்டுவாங்க. ரெண்டு நிமிஷம் நின்னுட்டு டூட்டிக்குப் போயிடுவாங்க. மேல படிக்கிறேன். 'அவர்', 'அவருக்கு', 'அவருடைய'. நாய்ம்மா அது. செத்தது நாய்.

— அந்தம்மாவுக்கு நாயி சார். செத்ததுக்கப்புறம் நமக்கு அவருதான். பதினாலு வருசம் ஒரே வூட்ல வாழ்ந்திருக்காரு. கிட்னி போயிடுச்சு. அந்தம்மா டீ போட உள்ள போயிருக்காங்க. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் காத்துகினு இருந்து, மூஞ்சப் பாத்துட்டு அப்புறம்தான் தவறினாராம்.

— இதையெல்லாம் ஏன் என்கிட்ட சொல்றே?

— நீங்கதானே பிரிண்ட் எடுத்து வெச்சினு கீறீங்க. ரெண்டாவது பக்கத்துல இருக்கும்.

— இருக்கு. படிச்சேன். சரி, ஒரு நாள் கேட்டே. விசாரிச்சாச்சு. ரெண்டாவது நாளும் அதே கேள்வி. அஞ்சாவது நாள் திரும்பவும், 'டீ போட உள்ளே போனீங்களே, அப்போது என்ன ஆச்சு?' மறந்துட்டியா?

— மறக்கல சார். அது அப்படித்தான் கேக்கணும். வர்றவங்க ஒவ்வொருத்தரும் கேப்பாங்க, எழவுக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் முதல்லேருந்து சொல்லுவாங்க. நூறு பேருக்குச் சொல்லி முடிக்கிறப்ப அது யாரோ வூட்டுக் கதையா ஆயிடும். அந்தம்மாவுக்கு நூறு பேரு இல்ல. புள்ள கனடாவுல. பக்கத்து வூட்டுக்காரன் ஒருத்தன், 'வேற நாயி வாங்கிக்கோ'ன்னுட்டுப் போயிட்டான். நான் ஒருத்திதான் கீறேன். அதான் நானே பல தபா வந்து கேட்டேன்.

— மூணாம் நாள்: 'இன்று அவரைப் புதைத்த இடத்தில் கொஞ்சம் பால் ஊற்றவும்.'

— அதுக்கு அந்தம்மா, பாலு அவருக்கு ஒத்துக்காது, வயித்தால போயிடும்னாங்க. சரி, புடிச்சது எதுவோ அத வெய்ங்கன்னேன். வெண்ணெ தடவின ரொட்டி.

— பதினாறாம் நாள் படையல். இலை போட்டு! அங்க ஏதும்மா வாழை இலை?

— அவங்க தோட்டத்துல ரூபார்ப்னு ஏதோ ஒரு செடி கீதாம். எல நல்லா அகலமா இருக்குமாம்.

— ரூபார்ப் இலையில விஷம் இருக்கும்மா. நான் நெட்ல பார்த்தேன்.

— அவருதான் தவறிட்டாரே சார். இனிமே இன்னா ஆவப் போவுது.

— கீழே போட்டிருக்கே: 'காக்கை வந்ததா?'

— காக்கா வரல. அது கடலோர ஊரு. பெருசா ஒரு வெள்ளப் பறவ வந்து ரொட்டிய எலையோட தூக்கினு போயிடுச்சாம். நான், அவரு ஏத்துக்கினாருன்னு எழுதினேன். அந்தம்மா அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினாங்களாம்.

— இன்னொண்ணு கவனிச்சேன். நாப்பத்தேழுலயும் 'விரைவில் சந்திப்போம்' இல்ல. அது காண்ட்ராக்ட்ல இருக்கு. எல்லா மெசேஜும் அதோடதான் முடியணும்.

— செத்த வூட்லேருந்து போயிட்டு வரேன்னு சொல்லினு வரலாமா சார்? சொல்லாமதான் எழுந்து வரணும். அதான் பேரைக் கூடப் போடாம நிறுத்திட்டேன்.

— மொட்டையா முடிஞ்சிருக்கேன்னு பார்த்தேன். எனக்குக் கோபம்கூட முறையா வர மாட்டேங்குது பூங்கொடி. எங்கப்பா கல்பாக்கத்துல அணுவைப் பொளந்துட்டு இருக்காரு. ஒரே பையன் கம்பிக்கடை மாடியில உட்கார்ந்து நாய்க்குக் கருமாதி பண்றான். இந்த லட்சணத்துல இந்த ஒரு காண்ட்ராக்டும் போச்சுன்னா, அவர் பார்த்து வெச்சிருக்கிற கேன்டீன் சூப்பர்வைசர் வேலைக்குத்தான் போகணும்.

— அது கவர்ன்மென்ட்டு வேலையா சார்?

— பேச்சை மாத்தாதே. நைஜல் மெயிலைக் கேளு. நேத்து காலையில மிஸஸ் கிளேட்டன் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காங்க. கையில பிரவுன் பேப்பர் சுத்தின டப்பா. கவுன்ட்டர்ல நின்னு, 'பவுலினோட அட்ரஸ் வேணும்'னு கேட்டிருக்காங்க. பவுலின்னு யாரும் இங்க இல்லன்னு சொல்லியிருக்காங்க. 'இல்லன்னு எனக்கும் தெரியும், அட்ரஸைக் குடுங்க'ன்னு அந்தம்மா சண்டை. அப்புறம் செல்போனை எடுத்து நாப்பத்தாறு மெசேஜையும் கவுன்ட்டர்ல இருந்த பொண்ணுகிட்டப் படிச்சுக் காட்டியிருக்காங்க. அந்தப் பொண்ணு அழுதிருக்கு. வரிசையில நின்னவங்க அழுதிருக்காங்க. கடைசியில நைஜலைக் கூப்பிட்டிருக்காங்க.

— அவரும் அழுதாரா?

— அவன் எனக்கு மெயில் போட்டான். 'யார் இந்தப் பவுலின்? எங்கள் வாடிக்கையாளரோடு பேச அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? நாளை காலை பதினொரு மணிக்கு விளக்கம் வேண்டும்.' அவன் காலை பதினொண்ணு, நமக்கு மூணரை.

— டப்பாவுல இன்னா இருந்துச்சாம்?

— அதுவா இப்ப முக்கியம்? நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. ப்ரொசீஜர்ல ஒண்ணாம் நம்பர் ரூல்?

— ஊரு பேரச் சொல்லக்கூடாது.

— இந்தியாங்கிற வார்த்தையே வரக்கூடாது. வந்தா காண்ட்ராக்ட் அன்னிக்கே கட். கஸ்டமர்கள் எல்லாரும் பவுலின் ஆஸ்பத்திரி மாடியில உட்கார்ந்திருக்கான்னு நினைச்சிட்டிருக்காங்க. நீ எங்கயாவது சொன்னியா?

— இந்தக் கம்ப்யூட்டர்லேருந்து போன நாப்பத்தேழுலயும் அந்த வார்த்த இல்ல சார். வேணும்னா தேடிப் பாருங்க.

— தேடினேன். இல்ல. அது ஒண்ணுதான் எனக்கு மிச்சமிருக்கிற ஆறுதல்.

— அப்ப இன்னா சார் பண்ணலாம்?

— ரெண்டு வழி. ஒண்ணு, உண்மை. ஆபரேட்டர் ஒருத்தி ரூலை மீறிட்டா, இன்னிக்கே அனுப்பிட்டோம்னு சொல்றது. நீ இப்பவே கிளம்பணும்.

— இந்த வேல போச்சுன்னா எங்க வூட்ல ஆவணிக்கே மண்டபம் சொல்லிடுவாங்க சார். எங்க மாமன் மவன் செங்கல்வராயன் ரெடியா கீது. மணல் லாரி ஓட்டுது. வேலைக்குப் போவுது, ஒரு வருசம் போவட்டும்னு எங்கப்பா வாய அடைச்சு வெச்சதே இந்த ஐடி கார்டக் காட்டித்தான்.

— ஆள் எப்படி?

— ஆளு ஒண்ணும் கெட்டது இல்ல. பேசாது. ஹாரன்தான் அடிக்கும்.

— ரெண்டாவது வழி இருக்கு. காலையிலேர்ந்து யோசிச்சேன். கேளு. பவுலின் ஆளே இல்ல. சாஃப்ட்வேர்.

— சாஃப்ட்வேரா?

— ஆட்டோமேட்டிக். வாடிக்கையாளர் மெசேஜ்ல 'இறந்துட்டான்'னு வார்த்தை வந்தா அதுவே பிடிச்சுக்கும். அதுவே கேள்வி கேக்கும். மூணு நாள், அஞ்சு நாள், பதினாறு நாள்னு அதுவே எண்ணிக்கும். டெஸ்டிங்ல இருந்தது, தப்பித்தவறி வெளிய போயிடுச்சு. ரூலை யாரும் மீறல. மீற ஆளே இல்ல.

— கண்ணடிச்சதுதான் சார் மிஷினு. அந்தம்மாகூடப் பேசினது நானு.

— ரெண்டும் ஒரே நம்பர்லேருந்து போயிருக்கும்மா. யாருக்குத் தெரியப் போகுது.

— வயித்தால போறவருக்குப் பாலு வேணாம், ரொட்டி வெய்ங்கன்னு மிஷினு எப்படிச் சொல்லும்?

— கீவேர்ட். பால், வயிறு, ரொட்டி. நைஜல் மாட்டு டாக்டர், அவனுக்கு இதெல்லாம் தெரியாது. நீ ஒண்ணு பண்ணு. உன் இங்கிலீஷ் என்னோடதை விட நல்லா இருக்கு. நான் சொல்றேன், எழுது. போன்ல அதைப் பார்த்துப் படிச்சுடறேன்.

— சொல்லுங்க.

— 'இந்தச் செய்திகள் அனைத்தும் எங்கள் தானியங்கி மென்பொருளால் உருவாக்கப்பட்டவை.'

— எழுதிட்டேன்.

— 'எந்தக் கட்டத்திலும் மனிதர் எவரும் இதில் ஈடுபடவில்லை.'

— 'எவரும்'க்குப் பதிலா 'ஒருவரும்'னு போடவா சார்? படிக்கறதுக்கு நல்லா இருக்கும்.

— போடு. பார்த்தியா, எவ்வளவு அழகா எழுதறே. இப்ப வேலையும் இருக்கு, காண்ட்ராக்டும் இருக்கு. செங்கல்வராயன் ஹாரன் அடிச்சுட்டே போயிடுவான்.

— நைஜலுக்கு மட்டும் சொல்லுங்க சார். அந்தம்மா காதுக்குப் போவ வேணாம்.

— நைஜல் சொல்லாம இருப்பானா? கஸ்டமர்தானே வந்து கேட்டது?

— அந்தம்மாகிட்ட மிஷினுன்னு சொன்னா நல்லா இருக்காது.

— ஏன்?

— நல்லா இருக்காது, அவ்ளோதான். துக்கம் கேட்டதுல பொய்யக் கலக்கக்கூடாது.

— கலக்கலேன்னா நீ வீட்டுக்குப் போகணும்.

— அப்ப ஆளுன்னே சொல்லிடுங்க சார்.

— என்னது?

— ஆளுதான், பேரு பூங்கொடி, தப்புப் பண்ணிட்டா, தூக்கிட்டோம்னு சொல்லுங்க. எழுதினத நான் கிழிச்சிடறேன்.

— கிழிக்காதே. இரு. ஆவணி?

— வர்றப்ப வரட்டும். லாரியில முன்சீட்டு நல்லா அகலமாத்தான் கீது.

— நீ என்னை வில்லனாக்கற பூங்கொடி. நான் உன்னைக் காப்பாத்தப் பார்க்கிறேன்.

— நீங்க கேன்டீனுக்குப் போவாம இருக்கப் பாக்கறீங்க. நானும் அதையேதான் பாத்தேன் சார், லாரிக்குப் போவாம. ஆனா அந்தம்மா எதிர்ல மட்டும் வேணாம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.

— சரி. நிஜமாத்தான் சொல்றியா?

— நிஜமாத்தான்.

— அப்ப ஆளுன்னு சொல்றேன். ஒரு மாசச் சம்பளம் சேர்த்து வாங்கிக்க. சர்ட்டிபிகேட்ல நடத்தை நன்றுன்னு போட்டுத் தரேன்.

— போன் அடிக்குது சார்.

— இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே.

— வெள்ளக்காரங்க முன்னாடியே வந்துடுவாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க.

— ஹலோ. யெஸ், பிரவின் ஸ்பீக்கிங். குட் மார்னிங் நைஜல். இங்க நல்ல வெயில். இல்லல்ல, வெயில்னு சொன்னது... ஆமா, மழை, மழைதான். யெஸ். ஐ அண்டர்ஸ்டாண்ட். யெஸ், பவுலின். அதைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

— ஆளுன்னு சொல்லுங்க சார்.

— ஒன் மினிட் நைஜல். பூங்கொடி, அந்தம்மா அவன் ரூம்லயே உட்கார்ந்திருக்காங்களாம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கான், அதான் வெயில்னு சொல்லக் கூடாதாம்.

— அப்ப கண்டிப்பா ஆளுன்னு சொல்லுங்க.

— யெஸ் நைஜல், ஸாரி. பவுலின் வந்து... ஒரு ஆபரேட்டர்... என்ன? டெர்மினேட்டா? எதை? எல்லாத்தையுமா? நோ, நோ, நோ. ஆபரேட்டர்னா மெஷின் ஆபரேட்டர். ஐ மீன், மெஷின். சாஃப்ட்வேர், நைஜல். டோட்டலா ஆட்டோமேட்டிக். நோ பெர்சன். எந்தக் கட்டத்திலும் மனிதர் ஒருவரும் இதில் ஈடுபடவில்லை.

— அந்தப் பேப்பர நான் கிழிச்சிருக்கணும்.

— யெஸ். டெஸ்டிங். யெஸ், தானாவே. ஹலோ? ஹலோ நைஜல்? ...ஓ. ...யெஸ். ...யெஸ் மேடம். ...தாங்க்யூ மேடம். ...எட்டா? ...யெஸ் நைஜல். மண்டே. கண்டிப்பா. பை. பை. விரைவில் சந்திப்போம்.

— வெச்சிட்டாரா?

— வெச்சுட்டான். தண்ணி இருக்கா?

— இந்தாங்க. ஆளுன்னு சொல்றதாத்தானே பேச்சு.

— வாய் அதுவா சொல்லிடுச்சு. டெர்மினேட்னு கேட்டதும் எனக்குக் கேன்டீன் சாம்பார் வாசனையே வந்துடுச்சும்மா. அவன் தூக்கிட்டோம்னு சொல்லச் சொல்லல, அவனே நம்மளைத் தூக்கறேன்னான்.

— அந்தம்மா இன்னா சொன்னாங்க?

— மெஷின்னு சொன்னதும் லைன் போயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் அந்தம்மா குரல், 'ஓ'ன்னாங்க.

— 'ஓ'ன்னா?

— வெறும் 'ஓ'. அப்புறம் நைஜல்கிட்டச் சொல்றாங்க, 'ரொம்ப நல்ல மெஷின். இந்த மாதிரி மெஷினை நான் பார்த்ததே இல்லை. நீ இதைக் கழட்டினா என் சொந்தக்காரங்க நாய் ஒண்ணுகூட இந்த ஆஸ்பத்திரிக்கு வராது.'

— அப்படியா சொன்னாங்க?

— அப்படியே. நைஜலுக்கு மொத்தம் எட்டு ஆஸ்பத்திரி. எட்டுலயும் இந்த சாஃப்ட்வேரைப் போடச் சொல்றான். செத்துப்போன நாய், பூனை, முயல் எல்லாத்துக்கும் பதினாறு நாள். வர்ற திங்கக்கிழமை எட்டு ஆஸ்பத்திரி மேனேஜருங்களையும் உட்கார வெச்சு, அந்தம்மாவையே பேசச் சொல்லப் போறானாம், மெஷின் எப்படி வேலை செஞ்சதுன்னு. பூங்கொடி, நாம பொழைச்சோம்.

— எட்டு ஆஸ்பத்திரிக்கும் யாரு சார் எழுதறது?

— நீதான்.

— நான் ஒருத்தியா? அங்க தெனமும் எத்தினி சாவு விழும்?

— ரெபேக்காளையும் சேர்த்துக்க. துக்கம் எப்படி விசாரிக்கிறதுன்னு அவளுக்கு ட்ரெய்னிங் குடு.

— அக்கா செத்தவங்க வூட்ல ஜெபம் பண்ணும் சார்.

— பண்ணட்டும். ஒரே மெசேஜ்ல, நூத்தி அறுபது எழுத்துக்குள்ள பண்ணட்டும்.

— எனக்குச் சம்பளம்?

— அங்கதான் ஒரு சின்ன சிக்கல். ஆட்டோமேட்டிக்னு சொன்னதால, ஆபரேட்டருக்குன்னு குடுத்துட்டிருந்ததை இந்த மாசத்தோட நிறுத்தறானாம். மெஷினுக்கு எதுக்குச் சம்பளம்னு கேக்கிறான். நியாயம்தானே. அதனால இப்போதைக்கு அதே சம்பளம். வேலை மட்டும் கொஞ்சம் எட்டு மடங்கு.

— நான் ஒத்துக்கலன்னா?

— ஒத்துக்காம எங்க போவே? இங்க பாரு, நான் மிரட்டல. நிலைமையைச் சொல்றேன். ஆளா இருந்தா உனக்கு வேலை இல்ல, மெஷினா இருந்தா இருக்கு. மெஷின் லீவு கேக்காது, இன்கிரிமென்ட் கேக்காது. பூங்கொடின்னு ஒருத்தி உலகத்துல இருக்கிறதே அந்த நாட்டுல ஒரு உயிருக்கும் தெரியாது. நீ வெளிய போய், 'நான்தான் அந்த மெஷின்'னு சொன்னாலும் யாரு நம்புவா?

— அந்தம்மாவுக்கு என் பேரு, தெரு, படாளம் எல்லாமே தெரியும் சார். என் செல்லுலேருந்து அட்ரஸ் அனுப்பச்சொல்லோ பின்கோடு மட்டும் போட மறந்துட்டேன், மறுநாளே செல்லு ரிப்பேரு, அதக் கேக்கத்தான் டப்பாவத் தூக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க.